வடசென்னையிலிருந்து தலக்கோனா: போய்க் குளித்து, நடந்து, பத்திரமாகத் திரும்ப ஒரு முழு வழிகாட்டி

புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிற திருக்குடை ஊர்வலம் யானைக்கவுனியைத் தாண்டுகிற நாளில் எங்கள் தெருவில் ஒரு ஆள் வீட்டில் இருக்கமாட்டார். சூளை, பட்டாளம், ஓட்டேரி, அயனாவரம் என்று குடை போகிற வழியெல்லாம் ஜனம் நிற்கும். நம் பக்கத்தில் ஏழுமலையானுக்கு முடி கொடுக்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆனால் அந்த ஏழு மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். அங்கே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா, 1989ல் அறிவித்தது, 353 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றியுள்ள காட்டையும் சேர்த்து 2010ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் என்று ஆக்கினார்கள். உள்ளே பாறைப் பள்ளத்தாக்குகள், சுனைகள், செம்மரக் காடு, எல்லாவற்றுக்கும் மேலே தலக்கோனா அருவி. 270 அடி உயரத்திலிருந்து விழுகிறது, ஆந்திராவிலேயே உயரமான அருவி அதுதான்.

நான் ஆறு தடவை போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவையும் தப்பாகப் போனேன்: ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி, கையில் அரை லிட்டர் தண்ணீர். இரண்டாவது தடவையில் என் சித்தி மகன் தண்ணீரில் போய்விடப் பார்த்தான். காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவன், பன்னிரண்டு வயதிலிருந்து கடலில் குதித்து விளையாடுகிறவன். அதைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன், மற்றதைப் படிக்க நேரமில்லை என்றால் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். நம் பகுதிப் பசங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கிளம்புவதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

தலக்கோனாவுக்கு இரண்டு பருவமழையும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் அருவியை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்கு மழைதான். அதனால் மார்கழியும் தை மாதமும் தான் நல்ல நேரம். மழை நின்றிருக்கும், தண்ணீர் இருக்கும், வெயில் உறைக்காது. மாசி வரைக்கும்கூடப் போகலாம்.

புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்று செய்தி வந்தால் டிக்கெட் போட்டிருந்தாலும் ரத்து செய்துவிடுங்கள். 2021 நவம்பர் மழையில் திருப்பதி ஊரே தண்ணீரில் நின்றது, திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் படிகள் உடைந்து மறு வருடம் மே மாதம்தான் திறந்தார்கள். அதே டிசம்பர் முதல் தேதி திருமலை மலைச்சாலையில் பெரிய பெரிய பாறைகள் உருண்டு சாலையையே பெயர்த்துவிட்டன. அந்த மலையின் பாறை அமைப்பு அப்படி. மேலே அடுக்கடுக்கான குவார்ட்சைட் என்ற கெட்டிப் பாறை, விரிசல் நிறைய, மழைத்தண்ணீர் அந்த விரிசல்களில் இறங்கி நாட்கணக்கில் ஊறும். மழை நின்ற பிறகும் இரண்டு மூன்று நாள் பாறை விழலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் வேண்டாம். அருவி நூல் மாதிரி ஆகிவிடும், புல் காய்ந்து கிடக்கும். 2014 மார்ச்சில் திருமலைக் காட்டில் பிடித்த தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் வரவேண்டியிருந்தது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் என்ன நடந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, சென்னையிலிருந்து ட்ரெக்கிங் போன பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். காய்ந்த புல் உள்ள மலைச்சரிவில் தீ நம்மைவிட வேகமாக ஏறும்.

மாதம் முடிவானதும் கிழமை. சனி, ஞாயிறு, சிவராத்திரி, பொங்கல் விடுமுறை இவற்றைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அருவிக்குப் போகிற வழியில் சித்தேஸ்வரர் கோவில் இருப்பதால் சிவராத்திரிக்குக் கூட்டம் மிக அதிகம். வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமைதான் போகமுடியும் என்றால் சரி, காலையில் கேட் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்கவேண்டும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதிப் பிரச்சினை வராது.

எப்படிப் போவது

தொலைவு மாதவரத்திலிருந்து திருப்பதி சுமார் 130 கிலோமீட்டர், அங்கிருந்து தலக்கோனா இன்னும் 60. மொத்தம் 200க்குப் பக்கம். ஒரே நாளில் போய்வரலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போகலாம்தான், ஆனால் பத்து மணி நேரம் வண்டியிலேயே கழியும், அருவியில் இரண்டு மணி நேரம், அதுவும் கூட்டமான இரண்டு மணி நேரம்.

நம் பகுதிக்கு ஒரு பெரிய வசதி, ஆந்திரா பேருந்துகள் மாதவரம் புறநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்தே கிளம்புகின்றன. 2018ல் அது வந்ததிலிருந்து கோயம்பேடு அலைச்சல் இல்லை. மூலக்கடையிலிருந்தோ கொளத்தூரிலிருந்தோ எட்டிப் பிடித்துவிடலாம். ரயில் வேண்டுமென்றால் சென்ட்ரலில் மாலையில் கிளம்பும் கருடாத்ரி எக்ஸ்பிரஸ். காலை சப்தகிரியில் போனால் திருப்பதியில் இறங்கி, சாப்பிட்டு, வண்டி பிடித்து, தலக்கோனா போய்ச் சேர மதியம் ஆகிவிடும், அதனால் அது வேண்டாம். (இரண்டு ரயிலுக்கும் பேர் அந்த மலையிலிருந்து வந்ததுதான், சப்தகிரி என்றால் ஏழு மலை, கருடாத்ரி அந்த ஏழில் ஒன்று.)

பைக்கிலோ காரிலோ போகிறவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி இது: செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் இடதுபுறம் திரும்பிப் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. பிறகு சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர், திருப்பதி. ஊத்துக்கோட்டை பக்கத்தில்தான் கண்டலேறுக் கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஜீரோ பாயிண்ட் இருக்கிறது. பூண்டிக்கும் புழலுக்கும் போய் நம் வீட்டுக் குழாய்க்கு வருகிற கிருஷ்ணா தண்ணீர் அந்த வழியாகத்தான் வருகிறது. குழந்தைகளோடு போனால் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்திக் காட்டுங்கள். சுருட்டப்பள்ளியில் சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார், அதையும் பார்த்துவிடலாம், ஒன்றும் பெரிய நேரம் ஆகாது.

திருப்பதிக்கு மேல் பீலேர் சாலையில் போகவேண்டும். ரங்கம்பேட்டை, கல்யாணி அணை தாண்டியதும் பாகராப்பேட்டை மலைச்சாலை ஆரம்பிக்கும். வளைவுகள் அதிகம். 2022 மார்ச்சில் நிச்சயதார்த்தத்துக்குப் போன பேருந்து ஒன்று இங்கேதான் இரவில் பள்ளத்தில் உருண்டு பல பேர் இறந்துபோனார்கள். அதனால் இந்தச் சாலையை வெளிச்சத்தில் மட்டுமே ஓட்டுங்கள், போகும்போதும் சரி, திரும்பும்போதும் சரி. பாகராப்பேட்டையில் வலதுபுறம் பிரிந்து நெரபைலு கிராமம், அதைத் தாண்டினால் தலக்கோனா. திருப்பதியிலிருந்து நேராகப் போகும் பேருந்துகள் மிகக் குறைவு, ஐந்தாறு பேர் இருந்தால் திருப்பதியில் ஒரு வண்டியை முழு நாளுக்குப் பேசிக்கொள்வதுதான் நிம்மதி. போகிற வாடகை மட்டும் பேசிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள், திரும்ப வண்டி கிடைக்காது.

முந்தைய இரவு

வெள்ளி மாலை கிளம்பி இரவு திருப்பதியில் தங்கி, சனி விடியக்காலை வெளிச்சம் வந்ததும் கிளம்புவது ஒரு முறை. இன்னொன்று, தலக்கோனாவிலேயே தங்குவது. ஆந்திரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி இருக்கிறது, வனத்துறை உள்ளூர் மக்களை வைத்து நடத்தும் குடில்களும் இருக்கின்றன. முன்பதிவு இல்லாமல் போய் நிற்கக்கூடாது. எனக்குக் காட்டில் தங்குவதுதான் பிடிக்கும். காலை ஆறு மணிக்கு மூங்கில் தோப்பில் பனி இறங்கியிருக்கும், பறவைச் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்காது, முதல் ஆளாக அருவிக்குப் போகலாம். கதவை, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மட்டும் வெளியே போகாதீர்கள், குரங்குகள் உள்ளே புகுந்துவிடும்.

பையில் என்ன இருக்கவேண்டும்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு. வேர்க்கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வாழைப்பழம் (பழத்தைப் பைக்குள் ஆழமாக வையுங்கள், மேலே வைத்தால் குரங்குதான் சாப்பிடும்). மாற்றுத் துணி, ஒரு பெரிய துண்டு. சில்லறை நோட்டுகள், ஏனென்றால் செக்போஸ்ட் பக்கம் சிக்னல் இருக்காது, போனில் பணம் கட்ட முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதார் அட்டை. மேப்பை முந்தைய இரவே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலணி விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ரப்பர் செருப்பு, அடிப்பாகம் தேய்ந்த ஷூ இரண்டும் வேண்டாம். கோடு கோடாக ஆழமான பிடிப்புள்ள ஷூ அல்லது பின்பட்டை உள்ள சாண்டல். புதிதாக வாங்கினால் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு நடந்து பழகிய பிறகு கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கொப்புளம் வரும்.

அப்புறம், யாரும் பட்டியலில் எழுதாத இரண்டு சாமான்கள். ஒன்று, பதினைந்து மீட்டர் நைலான் கயிறு, காசிமேட்டில் வலைக்கடைகளில் கேட்டால் கிடைக்கும். இரண்டு, மூடி இறுக்கமாக உள்ள காலி ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். கேனின் கைப்பிடியில் கயிற்றைக் கட்டிவிட்டால் அது ஒரு உயிர்காக்கும் மிதவை. அன்றைக்கு எங்களிடம் இது இல்லை.

மது பாட்டில் வேண்டவே வேண்டாம். சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. குடித்துவிட்டு ஈரப்பாறையில் நடக்கிறவன் தன்னோடு வந்த எல்லோரையும் ஆபத்தில் நிறுத்துகிறான்.

செக்போஸ்ட்டில்

தமிழ்நாட்டு எண் பலகை உள்ள வண்டியைக் கொஞ்சம் கூடுதலாகவே சோதிப்பார்கள், கோபப்படாதீர்கள், அதற்குக் காரணம் செம்மரம். இந்தச் சேஷாசலம், கடப்பா மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அந்த மரம் இயற்கையாகப் பெருவாரியாக வளர்வதில்லை. துறைமுகத்தில் கண்டெய்னரில் செம்மரக்கட்டை சிக்கியது என்று நம் பகுதியில் அடிக்கடி செய்தி வருமே, அந்தக் கட்டை புறப்படுகிற காடு இதுதான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி இந்த மலையில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள், திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்து மலைக்கிராமங்களைச் சேர்ந்தவர்கள் பலர். அந்தக் காட்டுக்குள் நடக்கும்போது எனக்கு அது ஒவ்வொரு முறையும் ஞாபகம் வரும். கூலிக்குப் போனவன் செத்தான், கண்டெய்னர் அனுப்பியவன் எங்கேயோ இருக்கிறான்.

அதனால் குறித்த பாதையை விட்டு உள்ளே போகாதீர்கள். அழகாக இருக்கிறதே என்று ஒரு சின்னச் சிவப்புக் கட்டைத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். கையில் அரிவாள், கோடாரி, சமையலுக்கு விறகு வெட்ட என்று எதையும் கொண்டுபோகக் கூடாது. பிளாஸ்டிக் கவர்களை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

புத்தூர், திருப்பதி வரைக்கும் தமிழ் ஓடும். அதற்கு மேல் நாலு தெலுங்குச் சொல் தெரிந்திருந்தால் நல்லது. தாரி என்றால் வழி, நீள்ளு என்றால் தண்ணீர். இந்த இரண்டும் தெரியாவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம். கட்டாயம் தெரிந்திருக்கவேண்டியவை வேறு இரண்டு: "லோத்து" என்றால் ஆழம். "ஜாருதுந்தி" என்றால் வழுக்கும். காவலரோ கடைக்காரரோ கையை ஆட்டிக்கொண்டு லோத்து, லோத்து என்று கத்தினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

நடை

வண்டியை நிறுத்திவிட்டுச் சித்தேஸ்வரர் கோவிலைத் தாண்டினால் காட்டுப்பாதை ஆரம்பம். அருவியின் அடிக்குப் போக நிதானமாக நடந்தால் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். கல் பதித்த இடமும் உண்டு, வேரும் பாறையுமாக இருக்கும் இடமும் உண்டு. அறுபது வயதுக்காரர்கள் தாராளமாக நடக்கலாம், முட்டி வலி உள்ளவர்கள் ஒரு கம்பு வைத்துக்கொள்ளட்டும். ஏறும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள், தாகம் எடுத்த பிறகு குடித்தால் தாமதம். நாம் கடற்கரைக்காரர்கள், சமதரையிலேயே நடந்து பழகியவர்கள், முதல் பத்து நிமிடத்தில் வேகமாக ஏறிவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவோம். மெதுவாக ஆரம்பியுங்கள்.

வழியில் அவசரப்படாதீர்கள். தொடை அளவு பருமனில் மரத்துக்கு மரம் தாவிப் பின்னிக்கிடக்கும் ஒரு கொடி இருக்கிறது, என்டாடா இனம். அதன் காய் நம் கை நீளத்துக்கு மேல் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் எந்த மரத்தில் ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியாது. மேலே இலைக்கூட்டத்தில் சடசடவென்று சத்தம் கேட்டால் நின்று பாருங்கள், மலை அணிலாக இருக்கும். ஒரு தடவை எங்கள் தலைக்கு நேர் மேலே ஒன்று பின்னங்கால்களால் கிளையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு முன்னங்கைகளில் ஒரு காயைச் சுழற்றிச் சுழற்றிக் கடித்தது. தோல் துணுக்குகள் என் சட்டையில் விழுந்தன. ஐந்து நிமிடம் அது எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. கருஞ்சிவப்பு முதுகு, உடம்பைவிட நீளமான வால். வண்ணாரப்பேட்டையில் ஓடுகிற அணிலைப் பார்த்துப் பழகிய என் பெண்ணுக்கு அது அணில் என்று நம்பவே முடியவில்லை.

பாறைச் சரிவுகளில் சின்னப் பனைமரம் மாதிரி, ஈச்சை மாதிரி ஒரு செடி தெரிந்தால் அது பெடோம் சைக்கஸ். இந்த மலைத்தொடரை விட்டால் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. பிடுங்கிக்கொண்டு வந்து மாடியில் வைக்கலாமா என்று யோசிக்காதீர்கள்.

கயிற்றுப் பாலம் ஒன்று உண்டு, சுமார் 240 மீட்டர் நீளம், மரங்களுக்கு நடுவே முப்பத்தைந்து நாற்பது அடி உயரத்தில் போகும். திறந்திருந்தால் ஏறுங்கள். பழுது பார்க்கிறோம் என்று மூடியிருந்தால் விட்டுவிடுங்கள், அதற்காகக் காத்திருக்கவேண்டாம்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்

இப்போது சித்தி மகன் கதை. அன்றைக்கு அருவிக்குக் கீழே குளம் மாதிரி தேங்கியிருந்த இடத்தில் நிறையப் பேர் ஓரமாக நின்று குளித்துக்கொண்டிருந்தார்கள். இவன் சட்டையைக் கழற்றினான், பாறை மேல் ஏறினான், குதித்தான். தலை ஒரு தடவை வெளியே வந்தது. அருவி கொட்டுகிற பக்கமாக நகர்ந்தான். அப்புறம் கை மட்டும் தெரிந்தது. கத்தவே இல்லை. படத்தில் காட்டுகிற மாதிரி ஐயோ அம்மா என்று கத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மூழ்குகிறவனுக்குக் கத்த மூச்சு இருக்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கரையில் நின்ற ஒரு பெரியவர், உள்ளூர்க்காரர், இடுப்பு வேட்டியை அவிழ்த்து ஒரு நுனியை என் கையில் கொடுத்து மறுநுனியை வீசினார். மூன்றாவது வீச்சில் அவன் பிடித்தான். மேலே வந்ததும் நெற்றியில் பாறை இடித்த காயம், உதடு நீலம் பாரித்திருந்தது, பத்து நிமிடத்துக்குப் பல் தந்தியடித்தது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு பலரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது, அது நம் உடம்பைத் தாங்கும். அருவித் தண்ணீர் அந்த அளவுக்குத் தாங்காது, அதே நீச்சலுக்கு உடம்பு இன்னும் கீழே இறங்கும். அதைவிடப் பெரிய விஷயம், அருவி விழுகிற இடத்தில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்திருக்கும் அல்லவா, அந்த வெள்ளை முழுக்கக் காற்றுக் குமிழி. காற்று கலந்த தண்ணீரில் மிதக்கமுடியாது, கையை அடித்தாலும் பிடிமானம் இருக்காது. மேலிருந்து விழுகிற தண்ணீர் கீழே அழுத்தும், கீழே போனது சுழன்று மறுபடி அருவிப் பக்கமே இழுக்கும். கடலில் அலை இழுத்தாலும் அடுத்த அலை தள்ளும் என்று நமக்குத் தெரியும், மணலில் கால் படும் என்று தெரியும். இங்கே கால் படுவது பாசி பிடித்த பாறை, அதன் இடுக்கில் கால் மாட்டினால் அவ்வளவுதான். குளிர் வேறு. திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் நம்மையறியாமல் வாயைத் திறந்து மூச்சிழுப்போம், அந்த நேரம் தலை உள்ளே இருந்தால் தண்ணீர்தான் போகும்.

அதனால் கடலில் நீந்துகிறேன், எனக்கு என்ன என்று சொல்கிற பையன்தான் கூட்டத்திலேயே அதிக ஆபத்தில் இருக்கிறான். நீச்சல் தெரியாதவன் ஓரத்தில் நின்று குளித்துவிட்டு வந்துவிடுவான்.

நான் இப்போது கடைப்பிடிக்கிற முறை இது. போனதும் பத்து நிமிடம் தண்ணீரில் கால் வைக்கமாட்டோம், உட்கார்ந்து பார்ப்போம்: உள்ளூர்க்காரர்கள் எங்கே குளிக்கிறார்கள், எங்கே போவதில்லை. கம்பி கட்டியிருந்தால் கம்பிக்கு இந்தப் பக்கம்தான். ஒருவர் கரையில் கயிறும் கேனும் வைத்துக்கொண்டு உட்காரவேண்டும், முறைபோட்டு மாறிக்கொள்ளலாம், அவர் போனைப் பார்க்கக்கூடாது. தண்ணீர் இடுப்புக்கு மேல் போகிற இடத்தில் யாரும் இறங்குவதில்லை. தலைகீழாகவோ நேராகவோ குதிப்பதே இல்லை, நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று ஒரு பாறை உருண்டு வந்து கிடக்கலாம். கருப்பாகப் பளபளக்கும் பாறையிலும் பச்சைப் பாறையிலும் கால் வைக்காமல், சொரசொரப்பாக வெளிறிக் கிடக்கும் கல்லாகப் பார்த்து வைப்போம். வழுக்கும் என்று தோன்றினால் உட்கார்ந்து நகர்வோம்.

தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, அருவியின் சத்தம் கூடினாலோ உடனே வெளியேறுங்கள், துணியைக்கூடப் பொறுக்கவேண்டாம். மேலே மலையில் மழை பெய்திருக்கிறது என்று அர்த்தம், நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும்.

யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள், இரண்டு உயிர் போகும். கேனை வீசுங்கள், துப்பட்டா, வேட்டி, நீளக் கம்பு எது கிடைத்தாலும் நீட்டுங்கள். அவசரமென்றால் 108 ஆந்திராவிலும் அதே எண்தான், ஆனால் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு ஒருவர் ஓடவேண்டும். பெரிய அரசு மருத்துவமனை திருப்பதி ரூயாதான், நடுவில் அந்த மலைச்சாலை இருக்கிறது. இங்கே ஒரு சின்ன விபத்துகூடச் சின்னதாக இருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னும் நடக்க ஆசை இருந்தால்

அருவியின் தலைக்கு ஏறும் பாதை ஒன்று இருக்கிறது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். காலை எட்டு மணிக்குள் ஏற ஆரம்பித்தால் மட்டும் போங்கள். உச்சியில் விளிம்புக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பதற்கு நான் யாரையும் அனுமதிப்பதில்லை, இதில் தயவு தாட்சண்யமே கிடையாது.

இரண்டாவது நாள் இருந்தால் திருமலைப் படிகள். அலிபிரி வழி 3,550 படி, சுமார் 9 கிலோமீட்டர். பெரும்பாலும் கூரை உண்டு, கடை உண்டு, முதல்தடவை மலை ஏறுகிறவர்களுக்குக் கால் பழக நல்ல பாதை, கடைசியில் வருகிற முழங்கால் முறிச்சானில் மட்டும் பெயருக்கேற்ற வேலை இருக்கும். ஸ்ரீனிவாசமங்காபுரம் பக்கத்திலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் செங்குத்து. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுப் பெண்குழந்தையைச் சிறுத்தை தூக்கிப்போய்க் கொன்றது. அதற்குப் பிறகுதான் குழந்தைகளை மதியத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை, கையில் கம்பு என்றெல்லாம் கட்டுப்பாடு வந்தது. எந்தப் பாதையாக இருந்தாலும் குழந்தை உங்களுக்கு முன்னால் நடக்கவேண்டும், பின்னால் வரக்கூடாது, கூட்டத்தை விட்டு ஓடவும் கூடாது.

படி ஏறாமல் பேருந்தில் மேலே போகிறவர்கள் மலைச்சாலையில் பாறைச் சுவரைக் கவனியுங்கள். கீழே ஒரு வகைப் பாறை, மேலே படுக்கை படுக்கையாக வேறு வகை, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் நடுவில் சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி. இத்தனை தடவை மலைக்குப் போயும் தரிசன க்யூவையே நினைத்துக்கொண்டு இதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேனே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

பூங்காவின் உள்காட்டுத் தீர்த்தங்கள் எல்லா நாளும் திறப்பதில்லை. ராமகிருஷ்ண தீர்த்தம் தைப்பூசத்தை ஒட்டி, குமாரதாரா மாசி மகத்தில், தும்புரு தீர்த்தம் பங்குனி உத்திரத்தில். இதில் தும்புரு ஒன்றுக்காவது வாழ்நாளில் ஒருமுறை போய்வாருங்கள். பாபவிநாசம் அணை தாண்டிப் பல கிலோமீட்டர் காட்டுநடை, கடைசியில் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர், நடுவில் ஓடும் தண்ணீரிலேயே நடந்து போகவேண்டும். இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வேண்டாம் என்று தேவஸ்தானமே சொல்லும், அதை மதியுங்கள்.

திரும்பும்போது

மதியம் இரண்டு மணிக்குக் காட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்ளலாம், வழியில் ராகி சங்கட்டியும் (கேழ்வரகுக் களி) நாட்டுக்கோழிப் புலுசும் (குழம்பு) கிடைத்தால் விடாதீர்கள், நடந்து வந்த பசிக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை. சங்கட்டியை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்கவேண்டும். பாகராப்பேட்டை மலைச்சாலையை நாலு மணிக்குள் இறங்கிவிட்டால் புத்தூரில் ஒரு டீ, ஊத்துக்கோட்டையில் இன்னொன்று. வண்டி ஓட்டுகிறவர் காலையில் குளித்துக் களைத்திருப்பார், அதனால் திரும்பும்போது வேறொருவர் ஓட்டுவது நல்லது. செங்குன்றம் தாண்டியதும் லாரி நெரிசல் ஆரம்பிக்கும், அங்கே அரைமணி நேரம் கூட்டியே கணக்குப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடாதீர்கள். வெந்நீரில் குளித்து, முழங்காலுக்குப் பின்புறம், அக்குள், இடுப்பு மடிப்பு, குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னால் என்று உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விரலால் நசுக்காமல், தலையோடு சேர்த்துத் தோலை ஒட்டிப் பிடித்து, சிறு இடுக்கியால் நேராக மெல்ல இழுத்து எடுத்துவிட்டு டெட்டால் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுக்குப் போய் வந்ததைச் சொல்லுங்கள். ஷூவைக் கழுவி, உள்தகட்டை எடுத்து மொட்டை மாடியில் காயவையுங்கள். கயிற்றையும் கேனையும் காயவைத்து ஒன்றாகக் கட்டியே வைத்திருங்கள், எங்கள் வீட்டில் அது பரணில் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கெல்லாம் இரவல் கொடுக்கிறேன்.